நோயாளியே வினாத்தாள்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டித் தென்காசியில் நடைபெற்ற மாணவர் அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. ஊரெல்லாம் ஐந்தருவிக்கும் பேரருவிக்கும் துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், இம்மண்டபத்துக்குள் அமர்ந்து தேர்வைப் பற்றிய பேச்சைக் கேட்க இத்தனை பேர் இசைந்திருப்பது எங்களுக்கு வியப்பளிக்கிறது. அருவியில் தண்ணீர் இன்னும் ஆறு வாரமேனும் விழும் என்ற நம்பிக்கையில் தான் வந்திருக்கிறீர்கள் போலும்.

எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு, மருத்துவ மாணவரின் பொது மருத்துவ அறிவைச் சோதித்தல் என்பது. 'நாங்கள்' என்று சொல்வது மூவரை. மூவரும் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் பள்ளிக் கல்வி முடித்து, அரசு மருத்துவக் கல்லூரிகளில் பயின்று, இன்று இவ்வட்டாரத்திலேயே பணி செய்பவர்கள். ஆறு ஆண்டுகளாக, விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் மருத்துவ மாணவரைக் கூட்டி, ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு நடத்தி வருகிறோம். தலைப்பைக் கேட்டதும் எங்களுள் ஒருவர், இது பேராசிரியர்களுக்கு உரிய பொருளாயிற்றே, பெற்றோர் நிறைந்த அவைக்கு ஏற்குமா என்று தயங்கினார். ஏற்கும் என்பதே மற்ற இருவரின் துணிபு. அதன் காரணம் பேச்சின் போக்கில் விளங்கும்.

மருத்துவக் கல்வி என்றதும் நம் நாட்டில் பேச்செல்லாம் வாயிற்படியிலேயே நின்றுவிடுகிறது. அது இயல்பே. அந்த வாயிற்படியில் நாம் பட்ட பாடு சிறிதன்று. அன்றைய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை, ஒவ்வொரு 14 இடங்களிலும் 2 இடங்களை நம்மவர்க்கு ஒதுக்கியது. செண்பகம் துரைராசன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாதென்றது. அவ்வாண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 1984-இல் தமிழகத்தில் நுழைவுத் தேர்வு வந்தது; 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது; 2017-இல் நீட் என்ற பெயரில் மீண்டும் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதாவை அவ்வாண்டு நாம் இழந்தோம். அதனை இங்கு விரித்துப் பேச எங்களுக்கு மனத்திண்மை இல்லை. வாயிலைக் கடந்து உள்ளே போன பிள்ளைகள் அங்கே எவ்வாறு சோதிக்கப்படுகின்றனர் என்பதை ஊரில் எவரும் கேட்பதில்லை. 'சீட்டுக் கிடைத்துவிட்டது' என்றதும் தெருவே விருந்துண்டு கலைந்துவிடுகிறது. இறுதியாண்டுத் தேர்வில் அப்பிள்ளை தவறினால் தந்தைக்குக் கூடச் சொல்லுவதில்லை. ஆதலின் அதைப் பற்றியே பேச வந்தோம்.

பொது மருத்துவம் என்பது அறுவைக் கத்தி எடுக்காமல் வயது வந்தோர்க்கு வரும் நோயைக் கண்டறிந்து தீர்க்கும் துறை. காய்ச்சல், இளைப்பு, நெஞ்சுவலி, நீரிழிவு, காமாலை, பக்கவாதம், பாம்புக்கடி எல்லாம் இதன்பாற்படும். மாணவர் 'மெடிசின்' என்று சுருக்கிச் சொல்வர். இறுதியாண்டில் இதற்கு இரண்டு எழுத்துத் தாள்கள், தாளுக்கு 100 மதிப்பெண். செய்முறையும் வாய்மொழியும் சேர்ந்து 200. எழுத்தில் எவ்வளவு வாங்கினாலும் செய்முறையில் தனியே தேறியாக வேண்டும். எழுத்துத் தாளைத் திருத்துபவர் முன் மாணவரின் பெயர் இராது. எண் மட்டுமே இருக்கும். செய்முறையிலோ மாணவர் நேரில் நிற்கிறார். முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, காலில் போட்டிருக்கும் செருப்புகூட இருக்கிறது.

செய்முறைத் தேர்வு நடக்கும் விதத்தைப் பெற்றோர்க்காகச் சொல்லுகிறோம். மாணவரை ஒரு நோயாளியின் படுக்கைக்கு அனுப்புவார்கள். இதற்கு 'லாங் கேஸ்' என்று பெயர். ஏறத்தாழ முக்கால் மணி நேரத்துக்குள் அந்நோயாளியின் குறையைக் கேட்டு, அவரை ஆராய்ந்து, இன்ன நோய் என்ற முடிவுக்கு மாணவர் வரவேண்டும். முதலில் நோயாளியின் சொல்லிலேயே குறையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் கண்ணிமையைக் கீழிழுத்து இரத்தசோகை பார்க்கவேண்டும். வெண்விழியில் மஞ்சள் பார்க்கவேண்டும். நகத்தின் வளைவு, கழுத்தின் நெறிக்கட்டி, காலின் வீக்கம் பார்க்கவேண்டும். அதன்பின் பார்த்தல், தொட்டறிதல், தட்டிப்பார்த்தல், ஸ்டெதாஸ்கோப்பு வைத்துக் கேட்டல் என்ற நான்கும் வரிசையாக நிகழவேண்டும். முடிந்ததும் தேர்வர் இருவர் வந்து நிற்பர். அவர்களிடம் அனைத்தையும் ஆங்கிலத்தில் ஒப்பிக்க வேண்டும். இடையிடையே அவர்கள் கேள்வி கேட்பர்.

இவற்றுள் தட்டிப்பார்த்தலைப் பற்றி ஒரு செய்தி. இடக்கை நடுவிரலை மார்பின்மீது படிய வைத்து, வலக்கை நடுவிரலால் அதன்மேல் தட்டுகிறோம். காற்று நிறைந்த நுரையீரலின்மேல் தட்டினால் முழங்கும். நுரையீரல் உறையில் நீர் கோத்திருந்தால் கல்லில் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். இம்முறையை உலகுக்குச் சொன்னவர் ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் லியோபோல்டு ஆவன்புருகர். அவர் கிராட்ஸ் நகரில் விடுதி நடத்திய ஒருவரின் மகன். மதுப் பீப்பாயைத் தட்டிப் பார்த்து உள்ளே எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அறிவது அத்தொழிலாளர் வழக்கம். அந்தத் தட்டலையே அவர் மனித மார்புக்குக் கொண்டுவந்தார் என்பர். 1761-இல் நூல் வெளியிட்டார். பெரிய மருத்துவர் பலர் பொருட்படுத்தவில்லை. 1808-இல் நெப்போலியனின் மருத்துவரான கோர்விசார் அதனைப் பிரெஞ்சில் பெயர்த்த பிறகே உலகம் காதுகொடுத்தது. மறு ஆண்டில் ஆவன்புருகர் இறந்தார்.

இக்கதையை நாங்கள் மாதிரித் தேர்வில் சொல்லும்போது ஒரு மாணவர் சிரித்தார். ஏனப்பா என்றோம். 'எங்கள் தாத்தா பறையை நெருப்பில் காட்டிவிட்டு, ஒரு தட்டுத் தட்டி, இன்னும் ஈரமிருக்கிறது என்பார். அதே காரியந்தானே' என்றார். அவையோர் சிலருக்கு இப்பேச்சு உவப்பாயிராது என்பதை அறிவோம். சாவுக்கும் சாமிக்கும் கூலியின்றிப் பறையடிக்க மாட்டோம் என்று நிமிர்ந்து நின்றவர்களின் பேரன்மார் நாம். அந்த நிமிர்வை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆயினும் காது கற்ற பாடத்தைக் கையோடு சேர்த்துத் தூக்கி எறியவும் வேண்டியதில்லை. அம்மாணவர் தட்டிப்பார்ப்பதில் எங்கள் மூவரையும் விஞ்சியவர். நீர் கோத்த எல்லையை அவர் விரல் தொட்டுக் காட்டிய இடத்துக்கும் எக்ஸ்ரே படம் காட்டிய இடத்துக்கும் வேறுபாடு இருந்ததில்லை.

அதே மாணவர் செய்முறைத் தேர்வில் தவறினார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னோம்.

அவர் படித்தது எந்தக் கல்லூரி என்பது இங்கு வேண்டாம். ஊர் திரும்பியவர் பதினைந்து நாள் எங்கள் பக்கம் வரவில்லை. அவருடைய அன்னையார் வந்து, பிள்ளை சூளைக்குத் தகப்பனாரோடு செங்கல் சுமக்கப் போகிறான், வந்து கேளுங்கள் என்றார். போய் அழைத்து வந்தோம். முதலில் அவர் சொன்னது, 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்பது. மறுநாள் சொன்னது, 'படுக்கையருகில் வந்ததும் அவர்கள் கேட்ட முதற் கேள்வி, எந்த ஒதுக்கீட்டில் வந்தாய் என்பது' என்று.

எங்களுள் ஒருவர்க்கும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இது நேர்ந்தது. அவரிடம் தந்தையின் தொழிலைக் கேட்டார்கள். சொன்னார். அதன்பின் கேட்ட கேள்வி எதுவும் அவர் காதில் விழவில்லை. பெரிப்பெரி நோய்க்குக் குறைவது எந்த வைட்டமின் என்ற எளிய கேள்வியாம் அது. அருகில் நின்ற தோழர் பிறகு சொன்னார்.

இவை நம் மனப்பிரமை என்று தள்ளுவோர் உளர். 2006-இல் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் நடுவண் அரசு ஒரு குழுவை அமைத்தது. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பயிலும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவரின் நிலையை அது ஆராய்ந்து 2007-இல் அறிக்கை அளித்தது. செய்முறையிலும் வாய்மொழித் தேர்விலும் தமக்கு நேர்மை கிட்டவில்லை என்றும், தம் சாதி நேராகவோ சுற்றிவளைத்தோ கேட்கப்பட்டது என்றும் மாணவருள் மிகப் பலர் அக்குழுவிடம் கூறினர். அறிக்கையை மறுத்துரைத்தோரும் உண்டு. பின்னர் தில்லியின் மற்றொரு மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடத்தில் நம்மவர் மட்டும் திரும்பத் திரும்பத் தவறியது பற்றிப் பேராசிரியர் பாலச்சந்திர முங்கேகர் விசாரித்தார். நீதிமன்றத் தலையீட்டால் வேறிடத்தில் தேர்வு நடந்தபோது அம்மாணவர்களுள் பெரும்பாலோர் தேறினர். அவ்வறிக்கை 2012-இல் வெளிவந்தது.

எனினும் எங்கள் மாணவர் செய்தியில் நாங்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவரைத் தோற்கடித்தது அந்தக் கேள்வியா, அன்றி அவருடைய ஆங்கிலமா என்று எங்களால் முடிவுகட்ட இயலவில்லை. நாங்கள் அவரைச் சோதித்தோம். தமிழில் சொல்லச் சொன்னபோது நோயாளியின் கதையைத் தடையின்றிச் சொன்னார்; முடிவும் சரியாயிருந்தது. ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னபோது மூன்றாம் வாக்கியத்தில் நின்றார். நின்ற இடத்தை மறைக்கப் புத்தக வரியொன்றைச் சொன்னார். அவ்வரி அந்நோயாளிக்குப் பொருந்தவில்லை. இதே நிகழ்ச்சி தேர்வறையிலும் நேர்ந்திருக்குமாயின், நேர்மையான தேர்வரும் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார். நேர்மையற்றவர்க்கோ அது வாய்ப்பாகியிருக்கும். அந்த அறையில் சாட்சி இல்லை. எழுத்துத் தாளாவது எழுதியபடியே மிஞ்சியிருக்கும். வாயால் சொன்ன சொல்லை எவ்வாறு மறுமுறை திருத்துவது?

ஆகவே எங்களுக்கு ஒன்றே வழியாகத் தோன்றியது. நம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் சோதிப்பதற்கு முன் நாமே கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும். சோதித்ததை எழுதி வைக்கவும் வேண்டும். பிள்ளைக்குத் தெரியாதது எது, தெரிந்தும் சொல்ல வராதது எது என்று நமக்குத் துலக்கமாகத் தெரிந்திருந்தால்தான், மூன்றாவதாக ஒன்று குறுக்கிட்டபோது அதனை அநீதி என்று நெஞ்சுயர்த்திச் சொல்ல முடியும்.

அவ்விளைஞர் ஆறு மாதம் நாள்தோறும் மாலையில் வந்து, நோயாளி ஒருவரின் கதையை எழுந்து நின்று உரக்க ஆங்கிலத்தில் சொன்னார். கேட்பவர் யாராயினும் சரி என்றோம். சில நாள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே கேட்டனர். அடுத்த முறை தேறினார். இப்பொழுது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலர். ஞாயிறுகளில் எங்களோடு தேர்வராக அமர்கிறார். ஈவிரக்கமின்றிக் கேள்வி கேட்கிறார் என்று மாணவர் எங்களிடம் முறையிடுகின்றனர்.

இனி நாங்கள் என்ன கேட்கிறோம் என்பதற்கு வருகிறோம். புத்தகத்திலிருந்து கேட்பது எளிது. நாங்கள் கூடியவரை இவ்வட்டாரத்திலிருந்து கேட்கிறோம். சாரல் காலத்தில் மலையடிவாரத்து ஊரிலிருந்து ஒருவர் காய்ச்சலோடு வருகிறார் என்று தொடங்குவோம். 2012-இல் கடையநல்லூரையும் சுற்றுப்புறத்தையும் டெங்கு வாட்டியதை இங்குள்ளோர் மறந்திருக்கமாட்டீர்கள். அதனால் மாணவர் வாயில் முதலில் வருவது டெங்கு. உடனே தட்டணுக்கள் எத்தனை என்று எண்ணிக்கைக்குப் போய்விடுவார். அங்கே நிறுத்திக் கேட்போம்: காய்ச்சல் இறங்கிவிட்டது; வீட்டுக்கு அனுப்பலாமா? 'அனுப்பலாம்' என்பவர் தேறவில்லை. டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே கண்டம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, நாடி மெலிந்து, கைகால் சில்லிட்டு, இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி 20-க்குச் சுருங்குவது அப்பொழுதுதான். வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் அதற்கு முன்னறிவிப்பு. 'காய்ச்சல் விட்டிருச்சு, கொண்டுபோயிட்டோம்' என்று கூட்டிச் சென்ற பிள்ளையை மறுநாள் தூக்கி வந்த தாய்மார் கதைகள் எங்களிடம் உண்டு.

அடுத்து, அவர் வயலில் நின்று வேலை செய்பவர் என்போம். கெண்டைக்கால் சதையைத் தொட்டால் துடிக்கிறார், கண் சிவந்திருக்கிறது என்போம். எலியின் சிறுநீர் கலந்த சேற்று நீர், காலின் வெடிப்பு, எலிக்காய்ச்சல் என்ற தொடர்பு மாணவர் மனத்தில் வரவேண்டும். நாற்றங்காலில் நின்ற தாயின் மகனுக்கு வராமல் அது வேறு யாருக்கு வரும் என்று கேட்கிறீர்கள். உண்மையில் வருவதில்லை. அம்மாவின் கால்வெடிப்பை அவன் வீட்டுச் செய்தியாகவே நினைத்திருக்கிறான். அது பாடத்தில் உள்ளதென்று எவரும் அவனுக்குச் சொன்னதில்லை.

ஒரு நாள் நிகழ்ச்சியை மறைக்காமல் சொல்லுகிறோம். ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர், எட்டு நாள் காய்ச்சலோடு எங்களுள் ஒருவரின் மாலை நேர மருத்துவகத்துக்கு வந்தார். இரண்டு இடத்தில் ஊசி போட்டும் நிற்கவில்லை. அவருடைய இசைவைக் கேட்டு, இறுதியாண்டு மாணவியொருவரை அவரிடம் அனுப்பினோம். மாணவி கெட்டிக்காரர். 'எய்யா, மேலெல்லாம் உளையுது, மண்டையிடி பொறுக்கல' என்று மூதாட்டி சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். நாடி, இரத்த அழுத்தம், ஈரல், மண்ணீரல் அனைத்தும் பார்த்தார். டெங்கு, டைபாய்டு, மலேரியா, எலிக்காய்ச்சல் என்று வரிசை சொன்னார். 'எதைப் பார்க்காமல் விட்டாய்?' என்று கேட்டோம். விழித்தார். கேட்ட எங்களுக்கும் அப்பொழுது விடை தெரியாது. அது நாங்கள் வழக்கமாக எல்லாரிடமும் கேட்கும் கேள்வி. மூதாட்டியே குறுக்கிட்டார். சேலை செருகும் இடுப்பு மடிப்பைக் காட்டி, 'இந்தா இங்கன ஒரு புண்ணு இருக்கு. வலியில்ல, அதான் சொல்லல' என்றார். சிகரெட் நெருப்பால் சுட்டதுபோல் கறுத்துப் பொருக்கேறிய சிறு வட்டம். உண்ணிக்காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ். புதர்களில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரின் இளம்பருவம் கடித்த இடம் அது. எல்லா நோயாளிக்கும் அந்தப் பொருக்கு இராது, இருந்தாலும் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ் என மறைவிடத்திலேயே இருக்கும், வலிக்காது. விலை மலிந்த டாக்சிசைக்ளின் மாத்திரையில் இரண்டு நாளில் காய்ச்சல் நின்றது.

மாணவி ஏன் பார்க்கவில்லை என்று பிறகு பேசினோம். ஆடையை விலக்கச் சொல்லக் கூச்சம் என்றார். நல்ல கூச்சமே அது. ஆனால் திரையை இழுத்துவிட்டு, 'பாட்டி, இடுப்பில் பார்க்கலாமா?' என்று கேட்டிருந்தால் கூச்சமும் காக்கப்பட்டிருக்கும், நோயும் பிடிபட்டிருக்கும்.

இங்குதான் பெற்றோர் இருக்கும் அவைக்கு இப்பொருள் ஏற்கும் என்று நாங்கள் சொன்ன காரணம் இருக்கிறது. மருத்துவத் தேர்வில் வினாத்தாள் அச்சகத்திலிருந்து மட்டும் வருவதில்லை, படுக்கையிலும் கிடக்கிறது. அரசு மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவர் யார்? கட்டணம் கொடுத்து வேறிடம் போக இயலாதவர். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965 முதல் நடந்துவரும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியிலும் மற்ற அரசுக் கல்லூரிகளிலும் பயின்று வெளிவந்த மருத்துவர் அனைவரும், நம் தாய் தந்தையர் போன்றோரின் ஈரலைத் தொட்டு, இதயத்தைக் கேட்டுத்தான் கற்றனர். 2022 சனவரியில் தமிழகத்தில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது தென்காசி மாவட்டத்துக்கு ஒன்று வாய்க்கவில்லை. நம் நோயாளிகள் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போய் அங்கே வினாத்தாளாகப் படுக்கிறார்கள். இருபது மாணவர் வரிசையாக வந்து அதே வயிற்றை அழுத்துகின்றனர். அவரிடம் ஒரு சொல் கேட்டவர் எத்தனை பேர்? எழுந்து போகும்போது நன்றி சொன்னவர் எத்தனை பேர்? நம் பிள்ளையும் அவ்வரிசையில் நிற்கிறான். எங்கள் தேர்வில் இதற்கு மதிப்பெண் உண்டு. இசைவு கேட்காமல் கைவைத்தவருக்கு, நோயைச் சரியாகச் சொன்னாலும், நாங்கள் தேர்ச்சி தருவதில்லை. 2019 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம், நோயாளியிடம் பேசும் முறையையும் அறநெறியையும் தனிப் பாடமாகவே சேர்த்திருப்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம்.

பாம்புக்கடியைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கும் எந்த மாணவரும் சொல்லுவர். விரியன் நஞ்சு இரத்தத்தில் ஏறியதா என்று ஆய்வகமில்லாத ஊரில் எப்படி அறிவாய் என்றால் திகைப்பர். சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது. அதற்குரிய நஞ்சுமுறி மருந்து எங்கிருந்து வருகிறது என்பதும் எங்கள் கேள்விகளுள் ஒன்று. மாமல்லபுரத்தருகே 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சே அதற்கு மூலப்பொருள். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். இதற்குப் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் இல்லை. நாங்கள் அரை மதிப்பெண் தருகிறோம்.

மாணவர் எங்களைத் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. நோயாளி தமிழில் சொல்கிறார், நானும் தமிழில் நினைக்கிறேன், ஏன் தமிழில் சோதிக்கக் கூடாது என்பது. கூடும், நடந்தும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 19-ஆம் நூற்றாண்டின் இடையில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். மாணவரைத் தமிழிலேயே சோதித்துத் தேர்ச்சி அளித்தார். பொது மருத்துவத்துக்கு 'வைத்தியாகரம்' என்ற பெருநூலை 1872-இல் தமிழில் தந்தார். அந்நாளைய நம் அயோத்திதாசப் பண்டிதரும் தமிழிலேயே மருத்துவம் கற்ற சித்த மருத்துவர். சிறுவயதில் முடங்கிய தம் கால்களை அவர் குணப்படுத்தியதைத் திரு.வி.க. பதிந்திருக்கிறார். அவ்வழி தொடர்ந்திருந்தால் எங்கள் மாணவர் சூளைக்குப் போயிருக்க மாட்டார். ஆயினும் இன்று தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழில் நினை, ஆங்கிலத்தில் சொல், இரண்டையும் பழகு என்பதே இப்போதைக்கு எங்கள் விடை. மனநிறைவான விடையன்று.

தேர்வு முறையே திருந்துவதற்கும் வழியுண்டு. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் என்பவரும் தோழர்களும் ஒரு புதுமுறையைக் கண்டனர். மாணவர் 'ஆஸ்கி' என்று வழங்குவது அதுவே. ஒரே நோயாளி, ஒரே தேர்வர் என்றில்லாமல் பல நிலையங்கள். ஒவ்வொன்றிலும் சில நிமிடம். எல்லா மாணவர்க்கும் ஒரே பணி. என்ன செய்தால் எவ்வளவு மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதிய பட்டியல். ஒரு தேர்வரின் விருப்பு வெறுப்பு ஒரு நிலையத்தோடு நின்றுவிடும். பட்டியல் மிஞ்சியிருப்பதால் பிறகு கேட்கவும் இடமுண்டு. நம்மவர்க்கு இது நன்மை என்பது எங்கள் உறுதியான கருத்து. குறையும் உண்டு. பட்டியலுக்காக நடிக்கப் பழகிய மாணவர், கதவைத் தட்டி வணக்கம் சொல்லி மதிப்பெண் வாங்கிவிட்டு, நோயாளி முகத்தைப் பாராமலே வெளியேறுவதையும் கண்டிருக்கிறோம். முழு நோயாளியை முழுமையாகப் பார்க்கும் லாங் கேசும் இருக்கவேண்டும். ஆனால் அங்கேயும் எழுதிய பட்டியலும், கேட்ட கேள்விகளின் பதிவும் வேண்டும். ஒதுக்கீட்டையும் தந்தை தொழிலையும் கேட்பது தேர்வு விதிமீறல் என்று எழுதியே வைக்கவேண்டும். 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் இறுதியாண்டுக்கு நாடு முழுவதற்கும் 'நெக்ஸ்ட்' என்றொரு பொதுத் தேர்வைச் சொல்கிறது. அது 2023-இல் ஒத்திவைக்கப்பட்டது. வாயிலில் ஒருமுறை வடிகட்டிய பின் வெளியேறும் வழியிலும் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்டவைக்கும் தேர்வாக அது ஆகிவிடக் கூடாது என்று கழகம் தீர்மானம் இயற்றினால் நாங்கள் வழிமொழிவோம்.

கழகத்தாரிடம் எங்களுக்கு இரண்டு வேண்டுகோள். விடுதியில் ஓர் அறை ஞாயிறு முற்பகலுக்கு வேண்டும். இப்பொழுது ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடத்துகிறோம், சாரல் அடித்தால் எழுந்து ஓடவேண்டியிருக்கிறது. இரண்டாவது, அமர்ந்திருக்கும் பெரியோர்களுள் மனமுவந்தவர்கள் மாதம் ஒரு முறை வந்து எங்கள் மாணவர்முன் நோயாளியாக அமரவேண்டும். சுருட்டுப் பிடித்து நெடுநாள் இருமுபவரும், பீடி சுற்றிக் கழுத்து வலிப்பவரும், முழங்கால் வீங்கியவரும் வரலாம். உங்கள் பிள்ளை கேட்ட விதம் சரியா, கை குளிர்ந்திருந்ததா, சொன்னது புரிந்ததா என்று நீங்களும் மதிப்பெண் இடலாம். அந்தத் தாளைத் தனியே அச்சிட்டு வைத்திருக்கிறோம். எழுதத் தெரியாதவர்க்கு மூன்று முகங்கள் வரைந்த படம் இருக்கிறது, ஒன்றைத் தொட்டுக் காட்டினால் போதும்.

மாணவர்க்கு: அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறோம். விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், சிறு கைவிளக்கு, அளவு நாடா, ஸ்டெதாஸ்கோப்பு கொண்டு வருக. எடுத்துக்கொள்ளும் பொருள், மூச்சிரைப்பு. நகத்தை வெட்டிக்கொண்டு வருக. தட்டிப்பார்க்கும் விரலில் நகம் இருந்தால் நோயாளிக்கு வலிக்கும். குற்றாலம் போவோர் அதற்குள் போய்வந்துவிடுங்கள்.